திருகாணியும் இடுப்புக் கோணமும்

மஞ்சக்குப்பத்தில் பேட்டரி கடை வைத்திருக்கும் செம்பியனுக்குக் கொஞ்ச காலமாக நிம்மதி இல்லை. காரணம், அவன் தங்கை மகள் அனுப்பிரியாவின் இடுப்பு.

அந்தக் குழந்தை ஒருநாள் தோட்டுத் திருகாணியை விழுங்கிவிட்டது. சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றுப் படத்தில் இடுப்பும் சேர்ந்துதான் விழும். அங்கே அருள்மொழி என்ற டாக்டரம்மா, நோயில்லாத பிள்ளைகளுக்கு, தொடையெலும்பு பொருந்தும் இடுப்புக் கிண்ணம் எந்த வயதில் எத்தனை டிகிரி சரிந்திருக்கும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வேறு காரணத்துக்காக எடுத்த படங்களில் கோடு போட்டு அளப்பார். "ஒங்க பொண்ணு நார்மல். பேர் போடாம ஆராய்ச்சியில சேத்துக்கலாமா?" என்று கேட்டார்.

குழந்தையின் அப்பா செந்தமிழ்செல்வனுக்குத் தலைகால் புரியவில்லை. வளைகாப்போ கருமாதியோ, எங்கே போனாலும் அதே பேச்சு: "மாவட்டத்துக்கே எம் பொண்ணு இடுப்புதான் அளவு."

"அப்ப நம்ம சித்தார்த் நார்மல் இல்லியா?" என்று செம்பியனின் மனைவி வினோதினி கேட்டுவிட்டாள். போச்சு. மூன்று வயது மகன் தெருநாயைத் துரத்தி ஓடும்போதெல்லாம் செம்பியன் பின்னாலேயே குனிந்து இடுப்பைப் பார்த்துக்கொண்டு ஓடினான். நாய்க்கே வெட்கமாகிவிட்டது.

தோட்டுத் திருகாணி இரண்டும் லூசாகிவிட்டதென்று வினோதினி கொடுத்தனுப்பிய அன்று, நகைக்கடைக்குப் போகாமல் மகனுடன் சிதம்பரம் பஸ் ஏறினான்.

"நல்லா இருக்குற புள்ளைக்கு எக்ஸ்ரே எடுக்கக் கூடாதுங்க" என்றார் அருள்மொழி.

செம்பியனுக்கு ரோஷம் வந்தது. "எம் புள்ளயும் திருகாணி முழுங்கிட்டான் டாக்டர்!"

"எப்போ? எப்புடி?"

ஆரம்பித்த பொய்யை அரைகுறையாக விட மனசில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து நாக்கில் வைத்து, "இப்புடித்தான்" என்றான். கூடவே ஒரு விக்கல் வந்தது. திருகாணி உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு அவனை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மகனிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

வெளியே வந்ததும் புத்தி பழைய இடத்துக்கே போனது. "என் இடுப்பு எப்புடி டாக்டர்? சேத்துக்கலாமா?"

"வளந்து முடிஞ்ச எலும்ப வச்சு நான் என்னாங்க பண்றது?"

அப்போது சித்தார்த் அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டான். மிச்சமிருந்த திருகாணியை எடுத்தான். "இப்புடித்தான்" என்றான். விழுங்கினான்.

செம்பியனுக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையைத் தலைகீழாகப் பிடிக்கப் போனவனை நர்ஸ் பிடித்து இழுத்தாள். மூச்சுக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்தபின் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா சும்மா இருப்பாரா? கோடு போட்டு அளந்தார். "ரெண்டு பக்கமும் வயசுக்கேத்த கோணம். பையன் நார்மல். ஆராய்ச்சியில சேத்துக்கலாமா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்திருந்தான். இப்போது அது காதில் ஏறவில்லை.

"அத வுடுங்க டாக்டர். திருகாணி எங்க?"

"வயித்துல. தானா வந்துடும். ஒங்களுதும்தான்."

திரும்பும் பஸ்ஸில் மகனை மடியில் வைத்து, வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். செந்தமிழ்செல்வன் போன் செய்தான். "என்னா மச்சான், சிதம்பரம் போனியாமே? எத்தினி டிகிரி?"

"அதெல்லாம் மறந்துட்டேன் மச்சான். சித்தார்த்தும் திருகாணிய முழுங்கிட்டான். ஒம் பொண்ணுக்கு அது வெளிய வர எத்தினி நாளு ஆச்சு?"



"மூணு நாளு" என்றான் செந்தமிழ்செல்வன். குரலில் வழக்கமான ஜம்பம் இல்லை. "நான் பொட்டுத் தூக்கம் தூங்கல மச்சான். அந்தம்மா வந்து நார்மல்னு ஒரு வார்த்த சொன்னாங்க பாரு, அதப் புடிச்சிக்கிட்டுதான் உசுரோட இருந்தேன். அதான் போற எடமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

செம்பியனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவனையா இத்தனை நாள் மனசுக்குள் திட்டினோம் என்றிருந்தது.

"வாழப்பழம் நெறைய குடு" என்றான் செந்தமிழ்செல்வன். "நான் ஒரு சீப்பு வாங்கிக்கிட்டு வூட்டுக்கு வரேன்."

"ரெண்டு சீப்பா வாங்கிக்க மச்சான்" என்றான் செம்பியன்.