வெளியில் தெரியாத அடையாளம்

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருட்களை வாங்கி வைக்கும் அறை என்னுடையது. ஒரு ஷட்டர், ஒரு ஜன்னல், மூன்று பக்கமும் இரும்பு அலமாரி. பேருந்தில் விட்டுப்போனதை நடத்துநர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் அதில் ஒரு சீட்டைக் கட்டிப் பதிவேட்டில் ஏற்றுவேன். தேடி வருகிறவர்கள் வெளியில் தெரியாத ஓர் அடையாளம் சொல்ல வேண்டும். பையென்றால் உள்ளே என்ன இருந்தது, கடிகாரமென்றால் பின்பக்கம் என்ன கீறல் என்று. சொன்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவேன். தொண்ணூறு நாளில் யாரும் வராவிட்டால் ஏலம்.

வருவதில் பாதி குடைகள். அதனால் நிலையத்தில் எனக்குக் குடை என்றே பெயர். அந்தப் பெயரை வைத்தவள் மைக். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள். வயது எனக்குச் சமம், குரல் மட்டும் என்னைவிட நூறு மடங்கு அழகு. 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று அவள் சொன்னால், தாமதமானதே நல்லது என்று தோன்றும்.

தினமும் பத்தரைக்கு நான் ஷட்டரை இறக்கி 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற பலகையை மாட்டுவேன். அவள் அரை மணி நேரத்துக்கு மைக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வருவாள். தேநீர்க் கடை பெஞ்சில் உட்காருவோம். பத்து நிமிடம் என்பது எழுத்தில் மட்டும்தான்.

ஆரம்பத்தில் நான் எழுதிய சீட்டுகளைப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வரும். 'குடை, கறுப்பு, ஒன்று.' அப்படி நாற்பத்தொரு சீட்டு. ஒரு நாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நாப்பத்தொண்ணும் கறுப்புக் குடையா? ஏண்டி, ஒண்ணாவது உத்துப் பார்த்தியா?"

"குடையில பார்க்க என்ன இருக்கு?"

"ஒண்ண எடு. அஞ்சு நிமிஷம் வாயத் திறக்காம பாரு. அப்புறம் சொல்லு."

சும்மா அவள் வாயை அடைக்கத்தான் எடுத்தேன். மரப்பிடி. பிடியின் நுனியில் பல் பதிந்த தடம், ஒன்றிரண்டல்ல, வருஷக்கணக்காகக் கடித்த தடம். பேருந்து வருமா வராதா என்று நின்றபடி யாரோ அந்தப் பிடியைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதைச் சொன்னேன். அவள் உள்ளங்கையில் தாடையை ஊன்றிக்கொண்டாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"சரி, இது தொலைஞ்ச நிமிஷத்துல அந்த ஆளு என்ன பண்ணிட்டிருந்தான்?"

அந்த ஒரு கேள்விதான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு எந்தப் பொருளையும் என்னால் சும்மா பார்க்க முடியவில்லை. பல்செட் ஒன்று வந்தது. சிரித்துக்கொண்டே யாராவது பல்லைத் தொலைப்பார்களா? குக்கர் இல்லாமல் குக்கர் மூடி மட்டும் வந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பியவள் பாதிக் கோபத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். மைக் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வீட்டில் வாசலில் கிடந்த செருப்பைக்கூட நின்று பார்க்க ஆரம்பித்தேன்.

"என் செருப்பப் பார்த்து எதுக்கு சிரிக்கிற?" என்று கணவர் கேட்டார்.

"இடது கால்ல மட்டும் தேஞ்சிருக்கு. நீங்க எப்பவும் எங்கேயோ திரும்பிப் போகவே பார்க்குறீங்க."

"ஆபீஸ் போற பாதை அப்படி" என்றார் பாவம்.

மைக் எனக்கு ஒரு நீல நோட்டு வாங்கிக் கொடுத்தாள். நீளவாக்கு நோட்டு, கெட்டி அட்டை. ஒரு நாளைக்கு ஒரு பொருள், ஒரு பக்கம், அவ்வளவுதான் கணக்கு. நான் எழுதுவேன், பெஞ்சில் உட்கார்ந்து படிப்பேன், அவள் கேட்பாள். இங்கே இழுக்கிறது, இங்கே அவசரப்பட்டுவிட்டாய் என்பாள். பொய் சொல்லக் கூடாது, என் எழுத்து அவளால் வந்தது. பத்தாவது முடித்ததிலிருந்து பதிவேட்டைத் தவிர எதிலும் பேனா வைக்காதவள் நான். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. அது அப்பாவின் கைத்தடி.

அப்பா எங்களோடு இருந்தார். ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலையில் வீட்டை விட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டார். மதியம் ஒரு நடத்துநர் கொண்டுவந்து வைத்த பொருட்களில் அவருடைய தடி இருந்தது. தடி வந்துவிட்டது, அவர் வரவில்லை. நான் அதற்கும் சீட்டுக் கட்டினேன், பழக்கம். மறுநாள் மூடிக்கிடந்த ஒரு வங்கியின் படியில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். நானே விதிப்படி அடையாளம் சொல்லி, நானே கையெழுத்துப் போட்டு, தடியை எடுத்துக்கொண்டேன். தடியின் அடியில் மாட்டிய ரப்பர் லொடலொடவென்று ஆடும். ஆடாமல் இருக்க அவர் பஸ் டிக்கெட்டை மடித்து உள்ளே திணித்து வைப்பார். அதுதான் வெளியில் தெரியாத அடையாளம்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். வெளியே போகவில்லை.

இதை மைக்கிடம் மட்டும் சொன்னேன். பெஞ்சில் இல்லை, அறைக்குள், ஷட்டரை இறக்கிவிட்டு. அழுதேன். அவளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இத எழுதலையா?" என்று கேட்டாள். "இது எழுதுறதுக்கு இல்ல" என்றேன். "சரி, விடு" என்றாள்.

போன வருஷம் அவளுக்கு வானொலியில் வேலை கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தக் குரல் நடைமேடை எண்ணைச் சொல்லிக்கொண்டே வீணாகிறதே என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன்! போகும் முன் நீல நோட்டைக் கேட்டாள்.

"ஒரு தடவ முழுசா சேர்த்துப் படிச்சுட்டுத் தர்றேண்டி. உன் ஞாபகமா இருக்கட்டும்."

ஒரு மாதத்தில் நோட்டு பத்திரமாகத் திரும்பி வந்தது. அட்டை போட்டுக்கூடக் கொடுத்திருந்தாள்.

பிறகு ஒரு நாள் காலை தேநீர்க் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்று அவள் குரல் வந்தது. 'தொலைத்தவர்கள் கவனத்திற்கு' என்பது நிகழ்ச்சியின் பெயர். முதல் நாள், பல் பதிந்த குடை. என் வாக்கியங்கள் அப்படியே, ஒரு சொல் மாறாமல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் எழுத்து இவ்வளவு அழகா என்று எனக்கே ஆச்சரியம். முடிவில் என் பெயரைச் சொல்வாள் என்று கிளாஸை வாயருகே பிடித்தபடி நின்றேன். சொல்லவில்லை.

மறந்திருப்பாள். முதல் நாள் பதற்றம். மறுநாள் பல்செட். அன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் நானே அவளுக்காகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு நானே காது குத்திக்கொண்டேன். எட்டாம் நாள் போன் செய்தேன்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேண்டி" என்றாள். "நிகழ்ச்சி முதல்ல நிலைக்கட்டும். அப்புறம் உன்னப் பத்தி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். என்மேல நம்பிக்கை இல்லையா?"

இருக்கிறது என்றேன். என்னைச் சொல்ல வேண்டும்.

"நம்ம மைக்கம்மாவுக்கு என்னா மூளை பாத்தீங்களா! ஒரு குக்கர் மூடிய வச்சு எப்படி யோசிச்சிருக்காங்க!" என்று தேநீர்க் கடைக்காரர் தினமும் சொல்வார். நான் தலையாட்டுவேன். வயிறு எரியும். எரிகிற வயிற்றில் சூடாகத் தேநீரையும் ஊற்றிக்கொண்டு வருவேன்.

ஆனாலும் அதுவரைக்கும் பொறுத்தேன். குடையும் மூடியும் யாரோ தொலைத்தவை. போகட்டும், என் கண்ணில் பட்டதைத்தானே எடுத்தாள், இன்னும் எத்தனையோ என் கண்ணில் படும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து ஒலித்தது.

"இன்று நான் சொல்லப்போவது என் அப்பாவின் கைத்தடி."

என் அப்பா! ரப்பர், லொடலொடப்பு, மடித்த டிக்கெட், தடி வந்தது அவர் வரவில்லை என்று நான் விம்மியது, வங்கிப் படி, எல்லாம். இதை நான் எழுதவே இல்லை. நோட்டில் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, அவள் தோளில் சாய்ந்து சொன்னது. 'என் அப்பா' என்று சொல்லும் இடத்தில் அவள் குரல் அழகாக உடைந்தது.

தேநீர்க் கடைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயோ பாவம், அவங்கப்பா இறந்துட்டாரா?"

"இல்ல" என்றேன். "நேத்துகூடக் காய்கறிக் கடையில சண்ட போட்டுட்டிருந்தார். நல்லா கணீர்னு கத்தினார்."

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. அறைக்கு வந்து ஷட்டரை உள்ளிருந்து இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதையைத் திருடியிருந்தால் வேறு கதை எழுதிக்கொள்வேன். அப்பாவை நான் எங்கே போய் எழுதிக்கொள்வது? அன்றிலிருந்து போன் செய்யவில்லை. நோட்டையும் தொடவில்லை. சீட்டுகள் பழையபடி 'பை, பழுப்பு, ஒன்று' என்று ஆயின.

இரண்டு மாதம் கழித்து அவளே வந்தாள். பத்தரைக்குச் சரியாக, ஒரு பை நிறைய ஆப்பிளோடு. ஜன்னலுக்கு வெளியே நின்று, ஒன்றும் நடக்காத மாதிரி சிரித்தாள்.

"என்ன குடை, கோபமா?"

"வரிசையில நில்லுங்க" என்றேன். முன்னால் யாரும் இல்லை.

"நீங்களா! சரிதான். நல்லா திட்டு, வாங்கிக்கத்தான் வந்தேன்." ஆப்பிள் பையை ஜன்னல் பலகையில் வைத்தாள். "அங்க இருக்கிற நெருக்கடி உனக்குத் தெரியாதுடி. தினமும் ஒண்ணு வேணும். உன் நோட்டு போன வாரத்தோட முடிஞ்சுபோச்சு. நானும் உக்காந்து உக்காந்து பார்க்குறேன். ஒரு பேனாவப் பார்த்தா பேனாதான் தெரியுது, ஒரு மண்ணும் வரல. உனக்குத்தான் அது வரும். புதுசா எழுதினது ஏதாவது இருந்தா குடேன். இந்தத் தடவ உன் பேரு சொல்லிடறேன், சத்தியமா."

"தடி யாரோடது?"

சிரிப்பு நின்றது. "அது... நீ எப்படியும் எழுதப் போறதில்லேன்னு சொன்னியே. அவ்வளவு நல்ல விஷயம் வீணாப்போகுதேன்னுதான். கேட்டவங்க எத்தனை பேர் அழுதாங்க தெரியுமா? நானும் நிஜமாவே அழுதேன்."

"தெரியும். கேட்டேன். நல்லா அழுத."

"குடை..."

"உங்கப்பாவோட தடின்னு சொல்லிட்ட. சரி, இங்க ஒரு விதி இருக்கு. வெளியில தெரியாத அடையாளம் ஒண்ணு சொல்லு. சொன்னா தடி உன்னோடது. நான் வாயத் திறக்க மாட்டேன்."

"ரப்பருக்குள்ள டிக்கெட்" என்றாள் உடனே.

"அத ஊருக்கே சொல்லியாச்சு. அது எங்க போற டிக்கெட்?"

அவளுக்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லையே. தடி திரும்பி வந்த அன்று ரப்பரைக் கழற்றி அந்த டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவர் கிளம்பிய அதே தேதி. இறங்கும் இடம் இந்தப் பேருந்து நிலையம். நேரம் பத்து பத்து. இருபது நிமிடப் பயணம். இங்கே என் ஜன்னலைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். வந்தபோது ஷட்டர் இறங்கியிருந்தது, 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்று பலகை தொங்கியது. நான் பெஞ்சில் அவளுக்கு ஏதோ ஒரு குடையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் நின்றிருப்பார். பிறகு ஏதோ ஒரு வண்டியில் ஏறித் தடியை விட்டு எங்கேயோ இறங்கிவிட்டார்.

இதை அவளிடம் நான் மறைத்தேன். ஏன் தெரியுமா? சொன்னால் தன்னால்தான் என்று அவள் மனம் கஷ்டப்படும் என்று. அவள் கஷ்டப்படக் கூடாது என்று இத்தனை நாளும் அந்தப் பாரத்தை நான் தனியாகச் சுமந்தேன். முட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். மைக் ஜன்னல் பலகையில் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் தாடையை வைத்திருந்தாள். கண்ணில் அதே வெளிச்சம். மூன்று வருஷம் அதை என்மேல் வைத்த பிரியம் என்று நினைத்திருந்தேன்.

"எங்க போற டிக்கெட்டுடி?" என்று கேட்டாள், மெதுவாக. "சொல்லேன். அதுல ஏதோ இருக்கு, இல்ல?" அவளுடைய வலது கை தானாகப் பைக்குள் போய் ஒரு பேனாவோடு வெளியே வந்தது. அதை அவள் கவனிக்கக்கூட இல்லை.

"தொண்ணூறு நாள் பொறு" என்றேன். "யாரும் கேட்டு வரலேன்னா ஏலத்துக்கு வரும். அப்ப வந்து எடுத்துக்க."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் இல்லேன்னா நீ இன்னமும் 'குடை, கறுப்பு, ஒன்று'ன்னுதான் எழுதிட்டிருப்ப" என்றாள்.

உண்மைதான். ஆப்பிள் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். மூன்றாம் நடைமேடை அருகே யாரோ அவளை அடையாளம் கண்டு கையெழுத்துக் கேட்டார்கள். அவள் பையில் பேனாவைத் துழாவுவது தெரிந்தது.

பேனா என் ஜன்னல் பலகையில் கிடந்தது.

எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன், ஐந்து நிமிடம். கை அந்தப் பழக்கத்தை விடமாட்டேன் என்கிறது. இது தொலைந்த நிமிஷத்தில் இதன் ஆள் என்ன செய்துகொண்டிருந்தாள்? கேள்வி அவள் குரலிலேயே வந்தது. இனி எந்தப் பொருளைப் பார்த்தாலும் அந்தக் குரலில்தான் வரும்போல. இந்தப் பேனாவுக்கு மட்டும் பதிலை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

சீட்டை எடுத்தேன். 'பேனா, நீலம், ஒன்று' என்று எழுதிக் கட்டி, அலமாரியில் வைத்தேன்.