குசினித் தட்டின் உயரம்

லோறன்ஸ் குசினியை உடைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் சீமெந்துத் தூள் விழாத சோறு கிடையாது. குடத்துக்குள் தூள், படுக்கையில் தூள், மாதா படத்திலும் தூள். அடுப்பு முன் விறாந்தைக்கு வந்துவிட்டது. வாடைக்காற்றில் கடல் குழம்பிக் கிடந்ததால் தொழிலுக்குப் போக வழியில்லாத மனுசன், மூன்று கிழமையாகத் தானே மேசன், தானே கூலியாள். "வள்ளத்து ஓட்டையையே ஒட்டுறவனுக்குக் குசினி கட்டத் தெரியாதோ?" என்று, கேலி பண்ணினவர்களின் வாயை அடைத்துவிட்டான். முதல் வரிசைக் கல் கோணிப்போய் இரண்டு தரம் பிரித்தான். தண்ணீர்க் குழாயை உடைத்து முற்றம் வரைக்கும் வெள்ளம் விட்டான். ஆனாலும் அசரவில்லை.

எல்லாம் மனைவி கலிஸ்ராவுக்காக. சீனி வருத்தத்தில் புண் ஆறாத அவளுடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துப் பத்து மாதம். நிலத்தில் குந்தியிருந்து சமைத்தவள் இப்போது சக்கர நாற்காலியில். பொய்க்கால் வந்துவிட்டால் நின்று சமைப்பாள், அதற்கு அடுப்பு வைக்க இடுப்பளவில் ஒரு கொங்கிரீட் தட்டு வேண்டும் என்பது அவன் எண்ணம். உயரத்துக்கு அளவுநாடா தேடவில்லை. வலை கட்டுகிறவன் எதையும் உடம்பால்தான் அளப்பான். அவள் நின்றால் அவள் இடுப்பு தன் இடுப்புக்கு நாலு விரல் கீழே என்பது முப்பது வருசமாக அவனுக்குத் தெரியும். அந்த அளவுக்குச் சுவரில் வலைநூலை இழுத்துக் கட்டினான்.

அந்த நூலைக் காணும்போதெல்லாம் கலிஸ்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொய்க்கால் வராது. போன மாதம் மகள் டக்சாயினியோடு கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் சொல்லிவிட்டார். மற்ற முழங்காலும் பாரம் தாங்காது, இனி நாற்காலிதான். லோறன்ஸ் அன்றைக்குக் கடலில். "அப்பாவுக்கு நான் சொல்லுறன்" என்று மகளைத் தடுத்தவள் இவள்தான். சொல்லப் போன அன்று அவன் பழைய சுவரை இடித்தபடி பாடிக்கொண்டிருந்தான். கால் எடுத்த பிறகு அவன் பாடி அவள் கேட்கவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று விட்டாள். கல் ஒரு வரிசை ஏறியது. நாளைக்கு என்றாள். இன்னொரு வரிசை ஏறியது. கோழைத்தனம்தான், வேறென்ன? சனிக்கிழமை கொங்கிரீட் போட முந்திச் சொல்லியே ஆகவேண்டும் என்று மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை அவள் விழித்தபோதே அவன் சல்லிக்கல் கலந்துகொண்டிருந்தான். இந்த வாளி முடியட்டும், அடுத்த வாளி முடியட்டும் என்று அவள் ஒத்திப்போட, மத்தியானத்துக்குள் கொங்கிரீட்டைப் பலகை அடைப்புக்குள் கொட்டி, மட்டம் இழுத்தும் முடித்துவிட்டான்.

"கலிஸ்ரா, வா. வந்து சிலுவை போடு."

அந்தக் குடும்பத்தில் புது வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் முதல் சிலுவை போடுவது வீட்டுக்காரிதான். காயாத சீமெந்திலும் அப்படியே, நடுவில், விரலால். அவன் வாசற்படியில் தூக்கிக் கடத்திவிட, சிந்திக் கிடந்த சல்லியின் மேலால் அவள் நாற்காலியை உருட்டி வந்தாள். முழங்கால் கற்சுவரில் இடித்தது. தட்டு தோளுக்குக் கிட்ட நின்றது. நீட்டிய விரல் பலகை விளிம்போடு நின்றுவிட்டது.

"ஒருக்கா எழும்பு, நான் பிடிக்கிறன்," என்று சீமெந்துக் கைகளை நீட்டினான். "பொய்க்கால் வந்தா நிக்கத்தானே வேணும்."

"இஞ்சேருங்கோ, பொய்க்கால் வராது. நான் இனி எழும்பி நிக்கமாட்டன்."

"ஆர் சொன்னது?"

"டொக்டர். போன மாதம்."

அவன் தட்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "அப்ப மூண்டு கிழமையா என்னைக் கட்ட விட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனியோ?"

"நீங்கள் பாடினீங்கள். அதைக் கேக்க எனக்கு ஆசையா இருந்தது. பிழைதான்."

அவன் வெளியே போய் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரியில் கால் எடுத்த அன்றுகூட அழாத மனுசன். அவளும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது அவன் கையில் மண்வெட்டி இருந்தது. "இறுக முந்தி அள்ளவேணும்," என்றான். ஈரக் கொங்கிரீட்டை வாளி வாளியாக அள்ளினான். பலகையைக் கழற்றி, மேல் கற்களைத் தட்டி விழுத்தினான். நூலை அறுத்தான். பிறகு அவளுக்கு முன்னால் முழந்தாளில் நின்று, "கறி துழாவுற மாதிரிக் கையைப் பிடி," என்றான். அவள் பிடித்தாள். அந்தக் கைக்குக் கீழே புது நூலைக் கட்டினான்.

"கால் போக இடம் விடவேணும்," என்றாள் அவள்.

"ஓம்."

அள்ளிய கொங்கிரீட்டை எறியவில்லை. பத்து மாதமாக நாற்காலியோடு அவளைத் தூக்கித் தூக்கிக் கடத்திய குசினி வாசற்படியில் அதைக் கொட்டி, நாற்காலி உருளச் சரிவாக இழுத்தான். முடிந்ததும் அவளைத் தூக்கிப் பக்கத்தில் நிலத்தில் இருத்தினான். அவள் நடுவில் சிலுவை போட்டாள்.

"நாளைக்குக் கல்லு வைக்கேக்கை பக்கத்திலை இரு," என்றான்.

அன்று முழுக்க அவன் பாடவில்லை. அவளும் பாடச் சொல்லிக் கேட்கவில்லை.