குப்புராஜின் கை

குப்புராஜ் குடித்துவிட்டு வந்தார் என்று நான் எழுதவில்லை. ‘வெல்டரின் கை நிலையாக இல்லை’ என்றுதான் சோதனை ரிப்போர்ட்டில் எழுதினேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய நாளில், கும்மிடிப்பூண்டியில், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அன்று பல்ஸ் மின்னோட்டத்தில் ஃபிளக்ஸ் கோர்டு வெல்டிங் சோதனை. கம்பிக்குள்ளேயே மருந்துப் பொடி இருக்கும். மின்னோட்டம் நொடிக்குப் பலமுறை ஏறி இறங்கும். கம்பி முனையில் எரியும் ஆர்க் சீராக இருந்தால், திரையில் கோடு ஒரே அளவுப் பற்களாக ஓடும். குப்புராஜ் பிடித்தபோது கன்னாபின்னாவென்று குதித்தது. ஆரம்பாக்கத்திலிருந்து இருபது வருடமாக ரயிலில் வந்து பற்றவைப்பவர். அன்றே கிரைண்டிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

“இன்னாணா, பூஜை சரக்கு இன்னும் எறங்கலியா?” என்று கேன்டீனில் சிரித்தார்கள்.

அதன் பிறகு பத்து நாள் யாரும் தொடாமல் கிடந்த அந்த மெஷினில் பென்னி என்ற இன்னொரு வெல்டர் பிடித்தார். அதே குதிப்பு. பற்றவைக்கும் இரும்பைக் கவ்விக் கரண்டைத் திருப்பி அனுப்பும் எர்த் கிளாம்பைக் கழற்றினேன். அதன் வாய்க்குள் காய்ந்த சந்தனம். இரும்பைச் சரியாகத் தொடாமல் கரண்ட் விட்டுவிட்டுப் பாய்ந்திருக்கிறது.

பூஜையன்று அப்பியது நான்தான். “ஜெனிபர் மேடம், நீங்களும் ஒரு பொட்டு வைங்க” என்றார்கள். சர்ச்சுக்குப் போகிறவள் ஒதுங்கி நிற்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று ஒன்றுக்கு நாலாக வைத்தேன். சோதனைக்கு முன் கிளாம்பைப் பார்ப்பதும் என் வேலைதான். பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ரிப்போர்ட் கஸ்டமருக்குப் போயாச்சு, விடும்மா” என்றார் மேனேஜர் ராஜமாணிக்கம்.

விடவில்லை. தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுசோதனைக்கு எல்லாரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே குப்புராஜிடம் சொன்னேன்.

“உங்க மேல தப்பே இல்லணா. நான் வெச்ச சந்தனம்.”

“அப்டியா” என்றார்.

கிளாம்பை நானே தேய்த்து மாட்டினேன். முதலில் பென்னி பிடித்தார். கோடு அழகாக ஓடியது. பிறகு குப்புராஜ். கோடு குதித்தது. இன்னொரு முறை பிடிக்கச் சொன்னேன். மறுபடியும் குதித்தது.

முகக்கவசத்தைத் தூக்கினார். வலது மணிக்கட்டை இடது கை இறுக்கிப் பிடித்திருந்தது.

“அன்னிக்கி நல்லாதான் இருந்துச்சு மேடம். நீங்க எழுதினப்புறம் தெனமும் கைய நீட்டி நீட்டிப் பாத்துக்கினே இருந்தேன். இப்ப நெஜமாவே நடுங்குது.”