கை வைக்காத போத்தல்

யாருமே கை வைக்காத போத்தலிலும் சாயம் திரைந்திருந்தது. ஜவுபர் அதை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தான். அடியில் சிவப்புத் தூள். மேலே வெளிறிய தண்ணீர். இப்படி ஒரு போத்தலையும் வைத்துப் பார்க்கவேண்டும் என்று இப்போதுதான் அவனுக்குத் தோன்றியது, றாஹிலா ராத்தாவை வேலையிலிருந்து நிற்பாட்டி ஒன்பதாம் நாள்.

மருதமுனையில் முதலாளி இப்றாஹிம் காக்காவின் நெசவுச்சாலையில் நூலுக்குச் சாயம் கலப்பது அவன் வேலை. பின்னேரங்களில் சைக்கிளில் கல்முனைக்குப் போய் விஞ்ஞானம் படித்தான். வகுப்பில் கைமாறிய பழைய சஞ்சிகை ஒன்றில், மனிதக் கையிலிருந்து ஓர் உயிர்ச்சக்தி வெளியாகிறது, அது கரைசல்களை மாற்றும் என்று வாசித்ததிலிருந்து தலைக்குள் வேறெதுவும் நுழையவில்லை. ஆறு பேரைப் பிடித்தான். அவன் நூறு எண்ணும்வரை ஒவ்வொருவரும் தன் சாயப்போத்தலின் மேல், தொடாமல், கையைப் பிடிக்க வேண்டும். தறியிலிருந்த ஐந்து ஆம்பிளைகளின் போத்தல்களும் தெளிவாகவே நின்றன. பின்வளவில் நூல் சுற்றும், அவன் அக்காவைப்போல ராத்தா என்றழைக்கும் றாஹிலாவின் போத்தல் மட்டும் திரைந்தது. ஏழு நாளும் திரைந்தது.

நாள், நேரம், சாயத்தின் எடை, வெயில், எண்ணிய வேகம் எல்லாம் கொப்பியில் இருந்தன. எந்தத் தண்ணீர் என்பது மட்டும் இல்லை. ஆம்பிளைகள் பக்கம் அவள் வரமாட்டாள் என்று அவளுடைய போத்தலை மட்டும் பின்வளவுக் கிணற்றில் நிரப்பியிருந்தான், மற்றவற்றை முன்கிணற்றில். இன்று யார் கையும் படாமல் திரைந்ததும் அந்தப் பின்வளவுத் தண்ணீர்தான். கடலோரக் கிணறு; உவர். உவர்த்தண்ணீரில் சாயம் திரையும் என்று அதே கொப்பியின் மூன்றாம் பக்கத்தில் அவன் கையெழுத்திலேயே இருந்தது.

அந்தக் கொப்பியை வகுப்பில் வாசித்துக் கைதட்டு வாங்கினான். அதோடு விட்டிருக்கலாம். காக்காவிடமும் வாசித்தான். முந்திய மாதம் ஒரு தொட்டிச் சாயம் பழுதாகிப் போன எரிச்சலில் இருந்தவர், அதுவும் அவள் கைதான் என்று மறுநாளே அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது போத்தலைத் தூக்கிக்கொண்டு மறுபடி காக்காவிடம் போனான். "காக்கா, பிழை தண்ணியில. கையில ஒண்டுமில்ல."

"போன கிழம கை எண்டாய், இப்ப தண்ணி எண்றாய். நாளைக்கி என்னடா, காத்தா?"

தறிகள் நின்று சிரித்தன. "வேலையப் பாரு போ," என்றார் காக்கா.

அன்று அவன் வகுப்புக்குப் போகவில்லை. முன்கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் சாயம் கலந்து எடுத்துக்கொண்டு றாஹிலாவின் வீட்டுக்குப் போனான். முற்றத்தில் அவளுடைய தங்கை ஸம்ஸியா மா குழைத்துக்கொண்டிருந்தாள். றாஹிலா கைகளை முக்காட்டுக்குள் சுருட்டிக்கொண்டு, "தண்ணி காணா, இன்னும் கொஞ்சம் ஊத்து," என்று பக்கத்தில் நின்றாள்.

"வாங்க சயன்ஸ் மாஸ்டர்," என்றாள் ஸம்ஸியா. "இவ தொட்டா மா பழுதாப் போகுமாம். நீங்க கண்டுபுடிச்சதுதானே?"

ஜவுபரால் நிமிர முடியவில்லை. "பிழை ராத்தா. கிணறு உவர். நான் அத எழுதல்ல."

"ஏழு நாளும் எழுதினதானே தம்பி," என்றாள் றாஹிலா. குரலில் கோபம்கூட இல்லை. "எனக்கு எழுத்துத் தெரியா. நீ காக்காக்கு வாசிச்சுக் காட்டின பொறகு நானும் யோசிச்சுப் பாத்தன். என்ட புருசன் மௌத்தாக முந்திக் கடைசியாக் குடிச்ச கஞ்சியும் என்ட கையாலதான்."

மாவில் புதைந்த ஸம்ஸியாவின் கை நின்றது.

அவன் போத்தலைப் படியில் வைத்தான். "ஒருக்கா கையப் புடியுங்க ராத்தா. நூறு எண்ணுறன்."

அவள் அசையவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் அவன் எண்ணத் தொடங்கினான். "ஒண்டு, ரெண்டு…" நாற்பதைத் தாண்டும்போது முக்காட்டுத் துணிக்குள் விரல்கள் அசைந்தன, வெளியே வரவில்லை. பின்னேர வெயில் போத்தலுக்குள் புகுந்து, தெளிந்த சிவப்பாக மணலில் விழுந்து கிடந்தது, அவளுடைய காலுக்கு ஒரு சாண் முன்னால்.