புளியமரத்தில் ஒரு நேர்காணல்

மேகம் இறங்கியிருந்ததால் புளியமரத்தின் அடி மட்டும்தான் தெரிந்தது. கிளைகளில் தொங்கிய துணிப்பைகளுக்குள் போன்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து அணைந்தன. ஊரில் வேறெங்கும் சிக்னல் கிடையாது என்பதால் சாமைக் கொல்லைக்குப் போகிறவர்கள் போனை இங்கே மாட்டிவிட்டுப் போவார்கள். அடித்தால், மரத்தடியில் இருப்பவர் எடுத்துத் தகவல் சொல்லவேண்டும். அடிக்கிற போனை அப்படியே விடுவது, வாசலில் வந்து நிற்பவரை வாவென்று சொல்லாமல் விடுவதைப் போன்ற அவமரியாதை.

ஈஸ்வரி களைக்கொத்தோடு வந்தபோது, ஆடு மேய்க்கும் செல்லி அத்தை வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"ஏண்டி, உன் போன்ல ஒரு பொம்பள பேசுச்சு. மாயாவாம். இன்னா மரியாதை! நான் எது சொன்னாலும் 'அருமை'ங்குது. உங்க மாமன் ஒரு வாட்டி சொன்னதில்ல."

"இன்னா கேட்டுச்சு அத்தே?"

"ஈஸ்வரியான்னுச்சு. அவ கொல்லையில கீறா, சாயந்திரம் வருவான்னேன். 'நன்றி ஈஸ்வரி'ன்னு அதும்பாட்டுக்கு ஆரம்பிச்சிட்ச்சு. கஷ்டமானவங்கள எப்பிடி சமாளிப்பேன்னுச்சு. கெடா முட்ட வந்தா கொம்பப் புடிச்சித் திருப்பிடுவேன்னேன்."

அது ஈஸ்வரிக்கு வரவேண்டிய நேர்காணல் அழைப்பு. மலைக்குக் கீழே ஒரு செருப்புக் கம்பெனி. கணக்குப் பிரிவில் வேலை. பி.காம். முடித்து அவள் போட்ட விண்ணப்பங்களில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான். இதுவும் போனால் அடுத்த பருவத்துக்கும் களைக்கொத்துதான்.

போனில் ஒரு செய்தி காத்திருந்தது. 'அன்புள்ள ஈஸ்வரி, உங்கள் தலைமைப்பண்பு எங்களை நெகிழவைத்தது. இனி நீங்கள் எங்கள் குடும்பம். இறுதிச் சுற்றுக்கு இன்று மாலை அழைப்போம். உங்கள் குரல் பதிவாகியுள்ளது. வேறு குரல் பேசினால் விண்ணப்பம் ரத்தாகும்.'

குடும்பத்தில் சேர்த்துக்கொண்டவர்கள் யாரும் அவள் குரலை இன்னும் கேட்டதில்லை. கம்பெனிக்கு அடித்தாள். மாயாதான் எடுத்தது; அது கம்பெனியின் கணினிக் குரல். நடந்ததைச் சொன்னாள். 'உங்கள் நேர்மையை மதிக்கிறோம்' என்று தேனாகப் பேசிவிட்டு, மனிதரிடம் பேச ஒன்பதை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். மனிதர் இருக்கவேண்டிய இடத்திலும் மாயாவே வந்து வணக்கம் சொன்னது.

"நானே பேசிட்றேன். கணக்கு கேட்டா நீ காதுல சொல்லு," என்றாள் செல்லி.

"வேலைக்கு யாரு போறது?"

"நீதான். எனுக்கு ஆடு கீதுல்ல."

"அங்க போய் நான் வாயத் தொறந்தா?"

செல்லி முந்தானையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அதற்குள் போன் அடித்தது. ஈஸ்வரி பச்சையை அழுத்தி, இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"வணக்கம் ஈஸ்வரி. பேசுவது நீங்கள்தானே?"

செல்லி ஈஸ்வரியைப் பார்த்தாள். ஈஸ்வரி போனைச் செல்லியின் வாய்ப்பக்கம் நகர்த்தினாள், பிறகு தன் பக்கம் இழுத்தாள். தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டி ஒன்று மேகத்துக்குள்ளிருந்து நீளமாகக் கத்தியது.

"அருமை," என்றது மாயா. "அடுத்த கேள்வி."

அவர்களின் தலைக்குமேல், கண்ணுக்குத் தெரியாத கிளையில், இன்னொரு பை ஒளிர ஆரம்பித்தது.