பூதம் கதவைத் திறந்த விதம்

“எர்ணாவூர் வாழ் பெருமக்களே! வட சென்னை வரலாற்றில் இன்று ஓர் இருண்ட நாள் உதயமாகிவிட்டது. இமயம் சரிந்துவிட்டது. வங்கக்கடல் வற்றிவிட்டது. உழைக்கும் மக்களின் ஓய்வறியாச் சூரியன், என் அருமைத் தம்பி பகலவன், மக்கள் பணியிலேயே மாண்டுவிட்டார் என்பதை ஆழ்ந்த துயரத்தோடு அறிவிக்கிறேன்!”

மைக்கைப் பிடித்திருந்தவர் செங்குட்டுவன். செத்தவரின் அண்ணன், குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், அடுத்த கவுன்சிலர் தேர்தலில் மக்களே தன்னை வீடு தேடி வந்து அழைத்துப்போவார்கள் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு காத்திருப்பவர். வங்கக்கடல் இரண்டு தெரு தள்ளி, வற்றாமல், தன் வழக்கமான கறுப்பு நுரையைக் கரையில் துப்பிக்கொண்டிருந்தது. சரிந்த இமயம் கூடத்துத் தரையில், கால் கட்டைவிரல்கள் கட்டப்பட்டு, ஐஸ் பெட்டிக்காகக் காத்துக் கிடந்தது.

ராயபுரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் செங்கொடி, கடை அடையாள அட்டை கழுத்தில் தொங்க உள்ளே நுழைந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்குள் எதிர்வீட்டுக் கெங்கம்மா பாய்ந்து அவளைப் பிடித்து மார்போடு அழுத்திக்கொண்டாள். வெற்றிலை எச்சிலும் வியர்வையும் கலந்த நெடி.

“ஐயோ செங்கொடி! உங்கப்பன் பூட்டாரேடி!” அழுகையின் நடுவே கெங்கம்மா செங்கொடியின் துப்பட்டாவை இழுத்து மூக்கைச் சிந்தித் துடைத்தாள். துடைத்ததும் குரல் தெளிந்துவிட்டது. “கடைசியா உன்னாண்டதான் போன்ல பேசினாராமே? இன்னாடி சொன்னாரு?”

கூடத்தில் எல்லாத் தலைகளும் செங்கொடியின் பக்கம் திரும்பின. செத்தவர் கடைசியாகச் சொன்னது என்ன என்பதில்தான் ஊருக்கு ருசி. செங்குட்டுவன்கூட மைக்கைத் தாழ்த்திக்கொண்டு வாசற்படியில் ஒரு காலை வைத்துக் காதை நீட்டினார்.

பகலவன் சொன்னது இதுதான்: “கண்ணு, பூதம் கதவத் தொறந்துகிச்சு! எப்டினு கேக்காத, சொல்ல மாட்டேன். சாய்ந்தரம் வந்து நீயே கண்டுபுடி.” பின்னாலிருந்து அம்மா வரலட்சுமி, “அந்தக் கருமத்த உட்டுட்டு வந்து துன்னேன்யா” என்று கத்தியதும், அவர் சிரித்ததும் கேட்டது. போன் வைக்கப்பட்டது. வரலட்சுமி அடுப்படியிலிருந்து இட்லித் தட்டோடு திரும்பியபோது அவர் நாற்காலியிலேயே முடிந்துபோயிருந்தார். தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூதம் என்றதும் மந்திரிக்க ஆள் தேட வேண்டாம். அது கம்ப்யூட்டர் விளையாட்டு.

பகலவனுக்குக் கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டும் வேலை, எப்போதும் நைட் ஷிப்ட். மகளுக்குப் பகலெல்லாம் கடை. ஒரே வீட்டில் இருந்தும் அப்பனும் மகளும் ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துக்கொண்டார்கள். யார்டு ஆபீசில் கழித்துப்போட்ட ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரை அவர் தூக்கிவந்தார். யாரோ அழிக்க மறந்த ஒரு விளையாட்டு அதற்குள் கிடந்தது. சுடுவது, வெட்டுவது, ஓடுவது ஒன்றும் கிடையாது. கண்ணில் படுவதை எல்லாம் மௌஸால் தட்டிப் பார்க்க வேண்டும். எடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும். கதாநாயகன், மந்திரத்தால் ஒரு தீக்குச்சியைக்கூடப் பற்றவைக்கத் துப்பில்லாத ஒரு மந்திரவாதிப் பையன். பகலவன் அவனுக்குச் சோப்ளாங்கி என்று பெயர் வைத்தார். சோப்ளாங்கியின் பையில் ஓட்டைக் குடை, செத்த மீன், ஒரு ராணியின் சவுரிமுடி, வாய் ஓயாமல் பேசும் ஒற்றைக் காலுறை.

விளையாட்டு முழுக்க இங்கிலீஷ். பகலவனுக்கு அது புரியாது. புரியாததை ஒரு குறையாகவும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் தானே குரல் கொடுத்தார். கோட்டை வாசலில் உட்கார்ந்திருக்கும் பூதம் அவர் வாயில், “இன்னா மாமு, ஓசில உள்ள பூரலாம்னு பாக்கிறியா? மூஞ்சியப் பாரு!” என்றுதான் பேசும்.

காலையில் அவர் ஆடுவார், மாலையில் அவள் ஆடுவாள். விடையை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம். ஆடியதைச் சேமித்து வைப்பது செங்கொடி மட்டும். “சேவ் பண்ணு நைனா” என்றால், “இன்னாத்துக்கு? நாந்தான் கீறேனே” என்பார். அவர் தூங்கப் போனதும் கரண்ட் பில்லை நினைத்து வரலட்சுமி ஸ்விட்சைத் தட்டிவிடுவாள். அவர் காலையில் வென்றதெல்லாம் அத்தோடு போகும். மறுநாள் மகள் சேமித்த இடத்திலிருந்து சந்தோஷமாகத் தொடங்குவார்.

கோட்டைப் பூதம் மட்டும் ஒரு மாதமாக இரண்டு பேரையும் வாசலிலேயே நிறுத்தியிருந்தது. மீனைக் கொடுத்தால் தின்றது. குடையைக் கொடுத்தால் கம்பியை ஒடித்துப் பல் குத்தியது. சவுரியைக் கொடுத்தால் தலையில் வைத்துக்கொண்டு அழகு பார்த்தது. காலுறையோடு சிநேகமாகி ஊர்க்கதை பேசியது. கதவை மட்டும் திறக்கவில்லை.

இதையெல்லாம் கூடத்தில் எப்படிச் சொல்வது?

“ஒண்ணும் சொல்லல” என்றாள் செங்கொடி.

செங்குட்டுவன் முகம் சுருங்கியது. ஆனால் அவர் எதற்கும் கலங்காதவர். மைக் மறுபடியும் உயர்ந்தது. “கடைசி மூச்சில் மகளை அழைத்து என் தம்பி என்ன சொன்னார் தெரியுமா? ‘நான் போனாலும் பரவாயில்லை, என் மக்களைக் கைவிட்டுவிடாதீர்கள்!’”

வாசலில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பகலவன் தன் ஆயுளில் மக்களைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று: “பஸ்ல ஏறவே உட மாட்டானுங்கோ.”

செங்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது, கெங்கம்மாவின் தோளுக்கு மேலாக, உள்ளறைத் திரைச்சீலை விலகித் தெரிந்தது. கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. திரையில் கோட்டைக் கதவு விரியத் திறந்திருந்தது. பூதம் ஓரமாகக் கிடந்தது. வாசலுக்கு எதிரே சோப்ளாங்கி தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தான்.

நிஜமாகவே திறந்திருக்கிறார். எதைக் கொடுத்தார்? சோப்ளாங்கியின் பையை ஒரு தரம் திறந்து பார்த்தால் போதும். எது குறைகிறதோ அதுதான் விடை. அப்பா தனக்காக விட்டுவைத்த ஒன்று பத்தடி தூரத்தில் இருந்தது. நடுவில் பத்துப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, யார் அதிகமாக அழுகிறார்கள் என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஐஸ் பெட்டி வந்தது. வாடகைக்குத் தூக்கி வந்த தப்ரேஸ் அதை இறக்கி வைத்தான். கண்ணாடியின் உள்பக்கம் முன்பு கிடந்தவரின் சாமந்தி இதழ் ஒன்றும் நீளமான நரைமயிர் ஒன்றும் ஒட்டியிருந்தன.

“தொடச்சி குடுப்பா” என்றாள் வரலட்சுமி. அவள் பேசியது அதுவரை அது ஒன்றுதான்.

தப்ரேஸ் சட்டைக்கையால் ஒரு இழுப்பு இழுத்தான். “மணலி புதுநகர்ல கல்யாண சாவுக்கா. சுத்தமான பெரியம்மா, ஒண்ணும் பேஜாரு இல்ல. பெரிய பிளக்கு பாயிண்டு எங்க கீது?”

பெரிய பிளக் நுழையும் இடம் அந்த வீட்டில் ஒன்றுதான். உள்ளறையில், கம்ப்யூட்டரின் யூபிஎஸ் அதில்தான் மாட்டியிருந்தது.

“இத்த வலிச்சிரட்டா?”

“தொடாதண்ணே!” செங்கொடி போட்ட சத்தத்தில் ஒப்பாரி நின்றது. “ரெண்டே நிமிசம்.”

“இன்னாம்மா கீது அதுல?” என்றார் செங்குட்டுவன்.

“கேமு, பெரிப்பா. நைனா ஆடிகினு இருந்தாரு…”

“கேமா? அப்பன் பொணமா தரைல கெடக்கறான், உனுக்குக் கேமு கேக்குதா? நாலு பேர் முன்னால மானத்த வாங்காத. மக்கள் பணில செத்தான்னு மைக்குல சொல்லிகினு கீறேன்!”

“கலிகாலம்” என்றாள் கெங்கம்மா, துப்பட்டாவை விடாமல்.

செங்கொடி அம்மாவைப் பார்த்தாள். வரலட்சுமி மகளைப் பார்த்தாள். பிறகு, பாயில் கிடந்த முகத்தின் மீது உட்கார வந்த ஈயைக் கையால் விரட்டினாள்.

“வலிச்சிருப்பா. ஒடம்பு சூட்டுல கெடக்குது.”

பிளக் பிடுங்கப்பட்டது. பகலவன் பெட்டிக்குள் வைக்கப்பட்டார். செங்குட்டுவன் இமயத்தை விட்ட இடத்திலிருந்து தூக்கினார். யூபிஎஸ் தன் கிழட்டு பேட்டரியில் கம்ப்யூட்டரைத் தாங்கிக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கத்த ஆரம்பித்தது. பீப். சற்று இடைவெளி. பீப்.

பெட்டியருகே நின்றிருந்த ஒருவர் காதைத் தீட்டினார். “யோவ், இன்னாவோ சவுண்டு வர்து.”

“பொட்டிலேர்ந்துதான்பா வர்து.”

“ஆஸ்பத்திரில நெஞ்சாண்ட மாட்டுவானுங்களே ஒரு மிசினு, அதே சவுண்டுபா!”

“டேய், உசுரு கீதுடா!”

அவ்வளவுதான். கூடம் பெட்டியின் மேல் விழுந்தது. மூடியை நான்கு கைகள் திறந்தன, ஆறு கைகள் மூடின. தெருவிலிருந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் ஏறினார்கள். பகலவன் எழுந்து உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயத்தில் கெங்கம்மா நிஜமாகவே அழுதாள். பேச்சை எந்தப் பக்கமும் திருப்பத் தெரிந்த செங்குட்டுவன், “போராளிகளுக்கு மரணமில்லை! இதோ, மக்களின் அழைப்பைக் கேட்டு…” என்று முழங்கினார். அவர் வாயிலிருந்து தெறித்தது கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக விழுந்தது.

செங்கொடியைப் பிடித்திருந்த கைகளெல்லாம் விலகின. அவள் உள்ளே ஓடினாள். மௌஸைப் பிடித்துப் பையை நோக்கி நகர்த்தினாள். யூபிஎஸ் இடைவெளி விடாமல் ஒரே மூச்சாகக் கூவி, நின்றது. திரை இருண்டது.

“பூட்டாருப்பா!” என்று கூடத்தில் ஒரு குரல். முதல் தடவையைவிட உருக்கமாக ஒப்பாரி கிளம்பியது.

“ஐஸு வீணாவுது, மூடுங்கபா” என்றான் தப்ரேஸ்.

மறுநாள் எடுத்தார்கள். தெருமுனையில் இரவோடிரவாக ஒரு பேனர் முளைத்திருந்தது. கைகூப்பிய செங்குட்டுவன் ஆளுயரத்துக்கு இருந்தார். மூலையில் ஒரு வட்டத்துக்குள், யார்டு அடையாள அட்டைக்காக எடுத்த படத்தில், வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பகலவன். கீழே ‘மக்கள் பணியில் மாண்ட மாவீரன்’. அந்தப் பேனரின் காலடியிலேயே ஒருவன் காலையில் குடித்ததை வாந்தியெடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மேளத்துக்கு ஆடப் போனான். வெடிப் புகை, சாராய நாற்றம், நசுங்கிய ரோஜா, அனல்மின் நிலையத்துச் சாம்பல். கண்ணாடியைத் தொட்டு அழுத அதே கையால் செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பூப்பல்லக்கு நகர்ந்தபோது செங்கொடிக்கு அழுகை வரவில்லை. எச்சில்தான் ஊறிக்கொண்டே இருந்தது, துப்ப வேண்டும் போல. பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும் என்றார்கள். நின்றாள். மேளச் சத்தம் மெயின் ரோட்டில் திரும்பித் தேய்ந்தது.

பிணம் போன வீட்டைக் கழுவ வேண்டும். பெண்களுக்கு விட்டுவைத்திருக்கும் உரிமை அது. வரலட்சுமி யாரையும் உதவிக்குச் சேர்க்கவில்லை. “நீங்க வூட்டுக்குப் போய்த் தலமுழுவுங்க” என்று எல்லோரையும் அனுப்பிவிட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளினாள்.

ஐஸ் பெட்டி போய்விட்டதால் பிளக் காலியாக இருந்தது. செங்கொடி உள்ளறைக்குப் போய் யூபிஎஸ்ஸை மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் சேமித்து வைத்திருந்த இடம் வந்தது: மூடிய கதவு, பூதம், எதிரே சோப்ளாங்கி. பையைத் திறந்தாள். எல்லாம் இருந்தன. குடையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். காலுறையை எடுத்தாள். இன்னும் எத்தனை மாதம் ஆனாலும் சரி, அந்த ஆள் எதைக் கொடுத்துத் திறந்தார் என்று தெரியாமல் விடுவதில்லை. காலுறையையும் வைத்துவிட்டாள்.

பினாயில் தண்ணீர் உள்ளறைக்குள் புரண்டு வந்தது. அதோடு பொரி, பூவிதழ், பீடித்துண்டு, யாரோ துப்பிய வெற்றிலைச் சக்கை.

“காலத் தூக்கி மேல வெச்சிக்கோ” என்றாள் வரலட்சுமி.

செங்கொடி இரண்டு கால்களையும் நாற்காலி மேல் இழுத்து வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மௌஸ் தனியாகக் கிடந்தது. வரலட்சுமி நாற்காலிக்கு அடியில் தேய்த்தாள். தண்ணீர் விட்டாள். மறுபடி அதே இடத்தில் தேய்த்தாள். அங்கே கறை எதுவும் இல்லை. செங்கொடி முழங்காலில் முகவாயை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பம் தேயும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

பூதம் சோப்ளாங்கியைப் பார்த்தது. வயிற்றைச் சொறிந்தது. கொட்டாவி விட்டது. அக்கம் பக்கம் பார்த்தது. வேறு வழியில்லாமல் எழுந்து, தானே கதவைத் திறந்துவிட்டு, ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

செங்கொடி அசையவில்லை. துடைப்பத்தோடு நிமிர்ந்த வரலட்சுமி திரையைப் பார்த்தாள்.

“இந்தக் கதவுக்குத்தான் அவரு அப்டிக் கூவினாரா? நீ இன்னா பண்ணே?”

“ஒண்ணும் பண்லமா.”

“அவரும் ஒண்ணும் பண்ல. வேலைலேர்ந்து வந்து, குந்துன மேனிக்கு வாயப் பொளந்துகினு தூங்கிட்டாரு. நாந்தான் இட்லி துன்னுனு தட்டி எழுப்பினேன். முழிச்சாரு, அத்தப் பாத்தாரு, ஒடனே உனுக்குப் போன போட்டாரு.”

வரலட்சுமி குனிந்து மீதித் தண்ணீரை வாசலை நோக்கித் தள்ளினாள்.

பகலவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை.