எப்படி இருந்துச்சு?

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தாலும் மனசு எழுந்து நிற்கும். வாயில் ஒரு கவளம் இருக்கும்போதே அடுத்த ஊரில் இந்நேரம் என்ன சாப்பிடுவார்கள் என்று யோசிப்பேன். "கால்ல சக்கரத்தக் கட்டிட்டுப் பொறந்திருக்கா" என்பார் அப்பா. சக்கரத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு, அவர் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே தடம், பதினாறாம் எண். உலகத்தையே பலமுறை சுற்றிவரும் தூரம் ஓட்டியிருப்பார், ஊர் எல்லையை மட்டும் தாண்டியதில்லை. அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். நானும் இப்படியே ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஒரு விளம்பரப் படக் கூடத்தில். சாப்பாட்டுக்கு ஒப்பனை போடுவது என் வேலை. சிரிக்காதீர்கள், அதற்கும் ஆள் வேண்டும். தக்காளியின்மேல் தூரிகையால் கிளிசரின் தடவினால் இப்போதுதான் கழுவி எடுத்ததுபோல மினுங்கும். பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை. விளக்குச் சூட்டில் ஐஸ்கிரீம் நிற்காது என்பதால் மசித்த உருளைக்கிழங்கை உருட்டிக் கிண்ணத்தில் வைப்போம். எங்கள் புகைப்படக்காரருக்கு 'வெளிச்சம்' என்று பெயர் வைத்திருக்கிறோம், நாள் முழுக்க அதைத்தான் கத்துவார். மேஜையில் இருப்பதில் யாராவது ஒரு துண்டை எடுத்துவிட்டால் போதும், அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். நான்கு வருஷமாக அங்கே சாப்பாட்டைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டேன்.

மதிய இடைவேளையிலும் அதே பழக்கம்தான். அம்மா செவிலியர், விடிவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அப்பாவுக்கு வேலை இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். ஆகவே காலையில் அடுப்படி அவர் ராஜ்யம், டப்பா கட்டுவதும் அவர்தான். டப்பாவைத் திறந்ததும் நான் நோட்டைத் திறப்பேன், வண்ணங்களைக் குழைப்பேன். முட்டையின் மஞ்சள் ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு, வெங்காயத்தில் ஊதா இழை. நாற்பது நிமிஷம் வரைவேன், மீதி ஐந்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவேன். நான்கு மணிக்குப் பேருந்து நிலையத்திலிருந்து அப்பா ஃபோன் செய்வார். கேள்வி ஒன்றுதான்.

"எப்படி இருந்துச்சு?"

"சூப்பர்ப்பா."

அவ்வளவுதான், வைத்துவிடுவோம்.

இப்படி இருக்கையில்தான் ஒரு பயணப் பத்திரிகையின் அறிவிப்பு வந்தது. ஆறு மாதம், ரயிலில் இருபத்துநான்கு ஊர். ஒவ்வோர் ஊரிலும் சாப்பிட வேண்டும், வரைய வேண்டும், எப்படி இருந்தது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மூன்று முறை படித்தேன். இது எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த வேலை. இது கிடைக்காவிட்டால் உருளைக்கிழங்கை ஐஸ்கிரீம் என்று சொல்லியே தலை நரைத்துவிடும். விண்ணப்பித்தேன். மூன்று பேரைக் கூப்பிட்டார்கள், அதில் நானும் ஒருத்தி. பதினோரு நோட்டுகளைப் பையில் அடைத்துக்கொண்டு, தோள் கழன்று விழ, பத்திரிகை அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

ஆசிரியருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதை மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். தலையில்தான் இருக்கிறது என்று நான் சொன்னதும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி வேலை கிடைத்துவிட்டது போலிருந்தது. நோட்டுகளை நிதானமாகப் புரட்டினார்.

"கை நல்லா பேசுது உங்களுக்கு," என்றார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அவித்த முட்டை, வெங்காயம், ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. "இது எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு மேடம்."

"நல்லான்னா?"

யோசித்தேன். எலுமிச்சைத் தோலுக்கு எந்த மஞ்சளைக் குழைத்தேன் என்பது துல்லியமாக ஞாபகம் வந்தது. புளித்ததா என்பது வரவில்லை.

அவர் இன்னொரு பக்கத்துக்குப் போனார். "சரி, இந்தக் காளான்?"

"சூப்பரா இருந்துச்சு."

சொல்லும்போதே எனக்கு நான்கு மணி ஃபோன் காதில் கேட்டது. முகம் சூடாகிவிட்டது. மூன்றாவது பக்கத்தை அவர் திருப்புவதற்குள் நானே உடைத்துவிட்டேன்.

"தெரியல மேடம். வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள எல்லாமே ஆறிப்போயிரும். எது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல."

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அவர். "படம் போடறவங்க எனக்கு நிறைய பேர் கிடைப்பாங்க. எனக்குச் சாப்பிடற ஆளும் வேணும்."

தொலைந்தது என்று நோட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அவர் கையில் இருந்த கடைசி நோட்டில் மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். வரிசையாகப் பத்து வெற்றுப் பக்கங்கள், கோணல்மாணலாகத் தேதி மட்டும்.

"இது என்ன?"

"படக் கூடத்துல ஏணியிலேர்ந்து விழுந்து வலது கை மணிக்கட்டு பிசகிடுச்சு மேடம். கட்டுப் போட்டுட்டு பத்து நாள் வீட்லயே இருந்தேன். இடது கையால தேதி மட்டும்தான் எழுத முடிஞ்சுது."

"அப்போ என்ன சாப்பிட்டீங்க?"

வாயைத் திறந்தேன், நிறுத்த முடியவில்லை. முதல் நாள் அப்பா வறுத்த உருளைக்கிழங்கு அடிபிடித்துவிட்டது, கருகியதையெல்லாம் சத்தமில்லாமல் தன் தட்டில் போட்டுக்கொண்டார். என் தட்டிலும் அந்தப் புகை வாசனை இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. மூன்றாம் நாள் சூப்பில் மிளகு ஏகத்துக்கும் விழுந்துவிட்டது. மூக்கு ஒழுகியது, ஒரு கையில் கட்டு, ஒரு கையில் கரண்டி, அப்பாதான் துடைத்துவிட்டார். ஆறாம் நாள் கேரட் உள்ளே வேகவில்லை, கடித்தால் அடுத்த அறைக்குக் கேட்டது. ஒன்பதாம் நாள் நூடுல்ஸ். இடது கைக்கு அது பிடிபடவேயில்லை, பாதி மடியில் விழுந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், அந்தச் சிரிப்பில் அது இன்னும் கொஞ்சம் இனித்தது. பத்து நாளும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்குப் பசித்தது.

ஆசிரியர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. "சாயங்காலத்துக்குள்ள ஃபோன் பண்றேன்," என்றார். நாசூக்காக வெளியே அனுப்புகிறவர்கள் எல்லாரும் சொல்வது அதுதான்.

திரும்பி வரும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருபத்துநான்கு ஊருக்குப் பறக்கத் துடித்தவள், தன் வீட்டு அடுப்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அந்த மனுஷர் நான்கு வருஷமாகச் சமைத்ததை நான் படத்துக்கு மாதிரிப் பொருளாக வைத்திருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வீட்டில் அப்பா சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போடாமல் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தார்.

"போன காரியம் என்னாச்சு?"

"தெரியலப்பா. பசிக்குது."

தட்டில் போட்டு என் முன் வைத்தார். பிறகு, என் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நோட்ட எடுக்கலியா?"

"இல்ல."

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். நாக்கு சுட்டது. ஓரம் மொறுமொறுவென்று இருந்தது, நடு மெத்தென்று கரைந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"உப்பு கம்மிப்பா."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். கோபமோ என்று நிமிர்ந்தேன். அவர் முகம் மலர்ந்து கிடந்தது.

"போன மாசம் ஒரு வாரம் உப்பே போடாம கட்டிக் குடுத்தேன்," என்றார். "சும்மா, பாக்கலாமேன்னு. ஆறு நாளும் சூப்பர்னு சொன்ன."

"ஏம்ப்பா கேக்கல?"

"என்னன்னு கேக்கிறது? உன் நோட்டுல படம் அழகா இருந்துச்சே."

சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் இரண்டும்தான். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. புது எண்ணைப் பார்த்ததும் அப்பாவே பதறினார். "எடு, எடு!" வாயில் இருந்ததோடு எடுத்தேன்.

"சாப்பிட்டுட்டு இருக்கீங்களா?" ஆசிரியர்தான்.

"ஆமா மேடம். உருளைக்கிழங்கு."

"எப்படி இருக்கு?"

"உப்பு கம்மி. மத்தபடி சூடா, மொறுமொறுன்னு இருக்கு."

"முதல்ல சாப்பிட்டு முடிங்க. அப்புறம் கூப்பிடுங்க. திங்கட்கிழமைக்கு உங்களுக்கு ரயில் டிக்கெட் போடணும்."

அப்பாவிடம் சொன்னேன். அவர் உப்பு டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார், ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி கழற்றினார். பதினாறாம் எண்ணுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"எந்த ஊர்ல இருந்தாலும் நாலு மணிக்கு ஃபோன் பண்ணுவேன்," என்றார். "பொய் சொல்லக் கூடாது."